வழங்கிகளில் வட்டு இடக் கணக்கின் வரலாறு

வட்டு இடக் கணக்கு என்பது ஒரு கணினியின் சேமிப்பகத்தில் எவ்வளவு இடம் நிரம்பியுள்ளது, அந்த இடத்தை எந்தக் கோப்புகள் எடுத்துக்கொண்டுள்ளன, அவை யாருடையவை என்பவற்றைக் கண்டறியும் பணியாகும். சர்வர் எனப் பரவலாக அழைக்கப்படும் வழங்கிகளைப் பராமரிப்போரின் அன்றாட வேலைகளுள் இதுவும் ஒன்று. வட்டு முழுவதும் நிரம்பிவிட்டால் தரவுத்தளம் புதிய பதிவுகளை ஏற்காது. மின்னஞ்சல் வந்து சேராது. சில வேளைகளில் பழுது பார்க்க வருபவரே கணினிக்குள் நுழைய முடியாமல் போகும். 2004-இல் செவ்வாய்க் கோளில் ஓர் ஊர்தி செயலிழந்து நின்றதற்கும், 2023-இல் ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்தின் 14 தொழிற்சாலைகள் ஒரே நாளில் நின்றதற்கும் சேமிப்பகச் சிக்கலே காரணமாக இருந்தது.

இப்பணியின் வரலாற்றில் இரண்டு கேள்விகள் தொடர்ந்து வருகின்றன. "எவ்வளவு நிரம்பியுள்ளது?" என்பது ஒன்று; "எது நிரப்பியது?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குக் கணினி உடனே விடை சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்கான விடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வாறு தேடிக் கிடைத்த விடை பல நேரங்களில் முதல் விடையுடன் பொருந்துவதில்லை. அந்தப் பொருத்தமின்மையைப் புரிந்துகொள்ளவும் குறைக்கவும் நடந்த முயற்சிகளே கடந்த அரை நூற்றாண்டில் பல கருவிகளை உருவாக்கின.

யூனிக்ஸுக்கு முன்

ஐபிஎம் நிறுவனம் 1956-இல் அறிமுகப்படுத்திய ராமாக் 305 கணினியுடன் வன்வட்டு வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் சேமிப்பகத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவை அனைத்தும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளைக் கொண்டன. இன்றைய கணக்கில் இது 4 மெகாபைட்டுக்கும் குறைவு. ஒரு நிறுவனம், ஒரு கணினி, திட்டமிட்ட ஒரு வேலை என்றிருந்த அக்காலத்தில் வட்டில் என்ன இருக்கிறது என்பதை அதை இயக்குவோர் முன்பே அறிந்திருந்தனர். எனவே "எது நிரப்பியது?" என்று கேட்க வேண்டிய தேவை எழவில்லை.

ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறை வந்தபோது இந்நிலை மாறியது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் தலைமையில் உருவான சிடிஎஸ்எஸ் என்னும் அமைப்பு 1961-இல் முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்டது. பின்னர் அதில் பயனர்கள் தங்கள் கோப்புகளை வட்டிலேயே விட்டுச் செல்லத் தொடங்கினர். ஒருவர் மிகுதியாகச் சேமித்தால் மற்றவருக்கு இடம் குறையும். ஆகவே கணினி நேரத்துக்கு இருந்ததைப் போலவே வட்டு இடத்துக்கும் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் ஒதுக்கீடு வரையறுக்கப்பட்டது.

அதன் வழித்தோன்றலான மல்டிக்ஸ் இயக்குதளத் திட்டத்தில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், ஜெனரல் எலக்ட்ரிக், பெல் ஆய்வகம் ஆகிய மூன்றும் இணைந்தன. அடைவுக்குள் அடைவு என மரம்போல் கிளைக்கும் கோப்பு முறைமையை மல்டிக்ஸ் கொண்டிருந்தது. அதில் ஒதுக்கீடு அடைவுகளுடன் இணைக்கப்பட்டது. மேல் அடைவுக்குக் கிடைத்த இடத்தில் ஒரு பகுதியைக் கீழ் அடைவுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஒதுக்கீட்டைப் பார்ப்பதற்கும் நகர்த்துவதற்கும் தனித்தனிக் கட்டளைகள் இருந்தன. மரத்தின் எந்தக் கிளையில் எவ்வளவு செலவாகிறது என்பதை அமைப்பே தொடர்ந்து எண்ணிக்கொண்டிருந்தது.

1971: இரண்டு கட்டளைகள்

பெல் ஆய்வகம் 1969-இல் மல்டிக்ஸ் திட்டத்திலிருந்து விலகியது. அதே ஆண்டில் அங்கிருந்த கென் தாம்சனும் டெனிஸ் ரிச்சியும் பிடிபி-7 என்னும் சிறிய கணினியில் யூனிக்ஸைத் தொடங்கினர். மல்டிக்ஸின் மரவடிவ அடைவுகளை யூனிக்ஸ் எடுத்துக்கொண்டது. அதன் ஒதுக்கீட்டுக் கணக்கை விட்டுவிட்டது. அளவில் சிறியதாகவும் எளியதாகவும் இருக்க வேண்டும் என்பதே யூனிக்ஸின் நோக்கம். அதனால் ஒவ்வோர் அடைவின் மொத்த அளவையும் எங்கும் எழுதி வைக்காத ஒரு கோப்பு முறைமை உருவாயிற்று. இன்று வரை பெரும்பாலான கோப்பு முறைமைகள் இவ்வழக்கத்தையே பின்பற்றுகின்றன.

யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்ற நாளைத் தாங்கியுள்ளது. வட்டு இடம் தொடர்பான இரண்டு கட்டளைகள் அதிலேயே இடம்பெற்றன. டிஎஃப் என்னும் கட்டளை கோப்பு முறைமையில் மீதமுள்ள இடத்தைச் சொன்னது. டியூ என்னும் கட்டளை ஓர் அடைவில் தொடங்கி, அதன் உள்ளடைவுகள் ஒவ்வொன்றாக நுழைந்து, அங்குள்ள கோப்புகள் எடுத்துக்கொண்ட இடத்தைக் கூட்டிச் சொன்னது. 50 ஆண்டுகளுக்கும் மேலாக அதே பெயர்களில் அதே வேலையைச் செய்துவரும் மிகச் சில கட்டளைகளுள் இவையும் அடங்கும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு நெல் கிடங்கைக் கொண்டு விளக்கலாம். கிடங்கில் எத்தனை மூட்டை இருக்கிறது என்பதை அறிய இரு வழிகள் உண்டு. கணக்கப்பிள்ளையின் பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பது ஒரு வழி. ஒவ்வோர் அறையாகச் சென்று மூட்டைகளை எண்ணுவது மற்றொரு வழி. டிஎஃப் பேரேட்டைப் படிக்கிறது. ஆகையால் வட்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் விரைவில் விடை தருகிறது. டியூ அறை அறையாக நடந்து எண்ணுகிறது; கோப்புகளின் எண்ணிக்கை கூடக்கூட அதற்கு நேரமும் கூடுகிறது. அதே வேளையில் மூட்டை எந்த அறையில் உள்ளது என்பதை டியூ மட்டுமே சொல்லும்.

யூனிக்ஸில் ஒரே கோப்புக்குப் பல பெயர்கள் இருக்கலாம். கோப்பின் அளவு, உரிமையாளர், தரவு இருக்கும் இடம் ஆகிய விவரங்கள் ஐநோடு என்னும் குறிப்பில் இருக்கும். அடைவில் இருப்பது பெயரும் அந்த ஐநோடின் எண்ணும் மட்டுமே. ஆகவே பெயர்களை எண்ணிக்கொண்டே போனால் ஒரே கோப்பு இருமுறை கணக்கில் சேரக்கூடும். இதைத் தவிர்க்கத் தொடக்க கால டியூ கட்டளையே தான் கண்ட ஐநோடு எண்களை நினைவில் வைத்துக்கொண்டது.

இடப் பற்றாக்குறை யூனிக்ஸை உருவாக்கியவர்களுக்கும் அன்றாடச் சிக்கலாகவே இருந்தது. ரிச்சியும் தாம்சனும் 1974-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் தங்கள் பிடிபி-11/45 கணினியின் சேமிப்பகத்தை விவரித்துள்ளனர். அதில் 1 மெகாபைட் கொண்ட ஒரு நிலைவட்டும், 2.5 மெகாபைட் கொண்ட, கழற்றி மாட்டக்கூடிய வட்டுகளுக்கான நான்கு இயக்கிகளும், 40 மெகாபைட் கொண்ட ஒரு வட்டு இயக்கியும் இருந்தன. 1973-இல் யூனிக்ஸில் குழாய் என்னும் வசதி சேர்ந்தது. ஒரு கட்டளையின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாக நேரடியாக அனுப்ப இது வழிசெய்தது. டியூ தரும் எண்களை வரிசைப்படுத்தும் கட்டளைக்குள் செலுத்தி, பெரிய அடைவுகளை ஓரிடத்தில் திரட்டிப் பார்க்கும் வழக்கம் இவ்வசதியால் பரவியது. வழங்கிப் பராமரிப்போர் இன்றும் முதலில் கையாளும் முறை இதுவே.

வீணாகும் இடம்

கோப்பின் அளவும் அது வட்டில் பிடிக்கும் இடமும் ஒன்றல்ல. வட்டு சம அளவுள்ள தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கோப்புக்கு முழுத் தொகுதிகளே தரப்படும். கோப்பில் ஓர் எழுத்து மட்டும் இருந்தாலும் அதற்கு ஒரு தொகுதி ஒதுக்கப்படும். தொடக்க கால யூனிக்ஸில் ஒரு தொகுதி 512 பைட்டுகளைக் கொண்டது. சிறிய தொகுதிகளால் இடம் அதிகம் வீணாகவில்லை என்றாலும் படிக்கும் வேகம் மிகவும் குறைந்தது.

கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் கிர்க் மெக்கூசிக், பில் ஜாய், சாமுவேல் லெஃப்லர், ராபர்ட் ஃபேப்ரி ஆகியோர் இச்சிக்கலை ஆராய்ந்தனர். அவர்கள் தங்கள் கணினிகளில் இருந்த 775.2 மெகாபைட் பயனர் தரவை எடுத்துக்கொண்டு, தொகுதியின் அளவு மாறினால் எவ்வளவு இடம் வீணாகும் என்று கணக்கிட்டனர். 512 பைட் தொகுதியில் 6.9 விழுக்காடும், 1024 பைட் தொகுதியில் 11.8 விழுக்காடும், 2048 பைட் தொகுதியில் 22.4 விழுக்காடும், 4096 பைட் தொகுதியில் 45.6 விழுக்காடும் வீணாகும் என்று தெரிந்தது. பயனர்களின் கோப்புகளுள் பெரும்பாலானவை மிகச் சிறியவையாக இருந்ததே இதற்குக் காரணம். வேகத்துக்காகப் பெரிய தொகுதிகளையும், கோப்பின் கடைசிப் பகுதிக்காகத் தொகுதியின் சிறு துண்டுகளையும் பயன்படுத்தும் புதிய கோப்பு முறைமையை அவர்கள் உருவாக்கினர். அது 1983-இல் 4.2 பிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் பதிப்பில் வெளிவந்தது.

இப்புதிய முறைமை மற்றொரு வழக்கத்தையும் கொண்டுவந்தது. வட்டு முழுவதும் நிரம்பினால் ஒரு கோப்பின் பகுதிகளை அருகருகே வைக்க முடியாமல் போகும். அப்போது வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். ஆகவே 10 விழுக்காடு இடம் எப்போதும் ஒதுக்கி வைக்கப்பட்டது. சாதாரணப் பயனர்கள் அதைத் தொட முடியாது. கணினியின் நிர்வாகி மட்டும் அதில் எழுதலாம். இதனால் பிஎஸ்டி கணினிகளில் டிஎஃப் கட்டளை சில வேளைகளில் 100 விழுக்காட்டுக்கும் மேல் நிரம்பியதாகக் காட்டும். லினக்ஸில் 1993-இல் வந்த எக்ஸ்ட்2 கோப்பு முறைமை இந்த ஒதுக்கத்தை இயல்பாக 5 விழுக்காடு என வைத்தது. 1 டெராபைட் வட்டில் இது 50 கிகாபைட் ஆகும். வட்டில் இடம் இருப்பது போலத் தோன்றியும் கோப்பை எழுத முடியாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

யாருடைய கோப்புகள்?

எது நிரப்பியது என்பதற்கு அடுத்தபடியாக யார் நிரப்பினார் என்ற கேள்வி எழுந்தது. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் இருந்த குவோட் என்னும் கட்டளை ஒவ்வொரு பயனரும் எடுத்துக்கொண்ட இடத்தைப் பட்டியலிட்டது. ஆனால் அது பட்டியலிட மட்டுமே செய்தது. மிகுதியாகச் சேமிப்பவரைத் தடுக்கவில்லை. மாணவர்கள் பெருமளவில் கணினிகளைப் பயன்படுத்திய பல்கலைக்கழகங்களுக்கு இது போதவில்லை.

ஆத்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் எல்ஸ் யூனிக்ஸுக்கான ஒதுக்கீட்டு முறையை உருவாக்கினார், அது 4.2 பிஎஸ்டி பதிப்பில் இணைந்தது. அதில் ஒவ்வொரு பயனருக்கும் இரண்டு எல்லைகள் இருந்தன. மென் எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை வரும், வேலை நிற்காது. வன் எல்லையைத் தொட்டால் அதற்கு மேல் எழுத முடியாது. எச்சரிக்கையைப் பயனர் தொடர்ந்து பொருட்படுத்தாவிட்டால் மென் எல்லையே வன் எல்லையாக மாறிவிடும். தொடக்கத்தில் எச்சரிக்கைகளின் எண்ணிக்கையைக் கொண்டும், பின்னர் ஒரு வாரக் கெடுவைக் கொண்டும் இது நடைமுறைப்படுத்தப்பட்டது. மல்டிக்ஸிலிருந்து பிரிந்தபோது யூனிக்ஸ் கைவிட்ட ஒதுக்கீடு, பத்தாண்டுகளுக்கும் மேலான காலத்துக்குப் பின் வேறு வடிவில் திரும்பி வந்தது.

அளவலகுப் பூசல்

டியூ, டிஎஃப் ஆகிய இரண்டும் பைட்டுகளைச் சொல்லவில்லை. தொகுதிகளின் எண்ணிக்கையைச் சொல்லின. தொகுதியின் அளவு அமைப்புக்கு அமைப்பு மாறியதால் ஒரே எண் ஓரிடத்தில் ஓர் அளவையும் மற்றோரிடத்தில் அதன் இரு மடங்கையும் குறித்தது. 1992-இல் வந்த பாசிக்ஸ் தரநிலை 512 பைட்டை அலகாக வைத்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை ஏற்கவில்லை. பயனருக்கு 1024 பைட் அலகே புரியும் என்பது அவர் நிலைப்பாடு. குனூ மென்பொருள்களில் 1024 இயல்பான அலகாயிற்று. தரநிலையின்படி 512 வேண்டும் என்போர் ஒரு சூழல் மாறியை அமைக்க வேண்டியிருந்தது. அதற்கு ஸ்டால்மன் முதலில் கேலியான ஒரு பெயரை வைத்திருந்தார். பின்னர் அது நாகரிகமான பெயராக மாற்றப்பட்டது.

எண்களை மெகாபைட், கிகாபைட் எனச் சுருக்கி மனிதர் படிக்கும் வடிவில் தரும் எச் விருப்பம் பிற்பாடு குனூ கட்டளைகளில் சேர்ந்தது. அது கண்ணுக்கு எளிதாக இருந்தபோதிலும் வரிசைப்படுத்துவதில் ஒரு சிக்கலை உண்டாக்கியது. எண்களை மட்டும் பார்க்கும் கட்டளைக்கு 9 மெகாபைட் என்பது 1 கிகாபைட்டை விடப் பெரியதாகத் தெரியும். இத்தகைய பின்னொட்டுகளைப் புரிந்துகொண்டு வரிசைப்படுத்தும் வசதி குனூ கட்டளையில் 2009-இல்தான் வந்தது.

வட்டு விற்பவர்கள் ஆயிரத்தின் மடங்குகளில் எண்ணுவதும், இயக்குதளங்கள் 1024-இன் மடங்குகளில் எண்ணுவதும் மற்றொரு குழப்பம். 1 டெராபைட் என்று விற்கப்படும் வட்டு 1024-இன் கணக்கில் 931 கிகாபைட் அளவே வரும். இரண்டையும் வேறுபடுத்த கிபி, மெபி, கிபி எனத் தொடங்கும் இரும முன்னொட்டுகளைப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் ஏற்றுக்கொண்டது. அவற்றுள் முதலாவது ஆயிரத்துக்கும் கடைசி நூறு கோடிக்கும் நெருங்கிய இரும அளவுகளைக் குறிக்கும். பொதுவழக்கில் இவை இன்னும் முழுமையாக வேரூன்றவில்லை.

பேரேடும் எண்ணிக்கையும் முரண்படும்போது

டிஎஃப் வட்டு நிரம்பிவிட்டது என்று சொல்ல, டியூ கூட்டிய எண்ணிக்கை அதில் பாதியைக்கூட எட்டாத நிலையைப் பராமரிப்போர் அடிக்கடி எதிர்கொள்கின்றனர். இதற்கு மிகப் பரவலான காரணம் யூனிக்ஸின் தொடக்க கால வடிவமைப்பிலேயே உள்ளது. ஒரு கோப்பை நீக்கும்போது அடைவிலிருந்து அதன் பெயர் மட்டுமே அழிகிறது. ஏதேனும் ஒரு நிரல் அக்கோப்பைத் திறந்து வைத்திருந்தால், அந்நிரல் அதை மூடும் வரை தரவு வட்டிலேயே இருக்கும். பெயர் இல்லாததால் டியூ அதைக் காணாது; இடம் விடுபடாததால் டிஎஃப் அதைக் கணக்கில் வைத்திருக்கும். பெரிதாக வளர்ந்த பதிவுக் கோப்பை அவசரத்தில் அழித்த பின்னும் இடம் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இதனால்தான். அந்நிரலை மறுதொடக்கம் செய்தால் இடம் திரும்பக் கிடைக்கும். எந்த நிரல் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்பதைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் என்னும் கருவியை அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக் ஏபெல் உருவாக்கினார். பெயரிழந்த பின்னும் திறந்திருக்கும் கோப்புகளை மட்டும் பட்டியலிடவும் அது உதவுகிறது.

வேறு காரணங்களும் உண்டு. ஓர் அடைவின் மேல் புதிய வட்டு ஒன்றை ஏற்றினால், அதற்கு முன் அவ்வடைவில் இருந்த கோப்புகள் மறைந்துவிடும். ஆனால் அவை பிடித்த இடம் அப்படியே இருக்கும். இடையில் வெற்றிடம் கொண்ட கோப்புகள் இதற்கு நேர்மாறானவை. அவற்றின் அளவு மிகப் பெரியதாகத் தெரியும். வட்டில் பிடிக்கும் இடமோ மிகக் குறைவாக இருக்கும். சில நேரங்களில் இடம் மீதமிருந்தும் புதிய கோப்பை உருவாக்க முடியாது. கணக்கற்ற சிறு கோப்புகளால் ஐநோடுகள் தீர்ந்துபோயிருப்பதே அதற்குக் காரணமாகும்.

தொடர்ந்து இடத்தை விழுங்குவதில் பதிவுக் கோப்புகளுக்குத் தனி இடம் உண்டு. எரிக் ஆல்மன் 1980களில் சென்ட்மெயில் மின்னஞ்சல் மென்பொருளுக்காக எழுதிய சிஸ்லாக், நிரல்கள் தம் நிகழ்வுகளை ஓரிடத்தில் பதிவதற்கான பொதுமுறையாகப் பரவியது. பதிவது எளிதாயிற்று, பழையதை யார் அழிப்பது என்பது தீர்மானிக்கப்படவில்லை. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அதீனா திட்டத்தில் தியோடர் சோ எழுதிய நியூசிஸ்லாக், பதிவுக் கோப்புகளைக் குறித்த காலத்தில் மாற்றிப் பழையவற்றைக் கழித்தது. லினக்ஸில் ரெட் ஹேட் நிறுவனத்தின் எரிக் டிரோன் எழுதிய லாக்ரொட்டேட் அவ்வேலையைச் செய்தது. இன்றைய லினக்ஸ் அமைப்புகளில் பரவலாக உள்ள சிஸ்டம்டி, தன் பதிவேடு கோப்பு முறைமையின் 10 விழுக்காட்டுக்கு மேலும் 4 கிகாபைட்டுக்கு மேலும் வளராதபடி இயல்பாகவே எல்லை வைத்துள்ளது.

எண்ணிலிருந்து படத்துக்கு

மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் மனித-கணினி ஊடாட்ட ஆய்வகத்தில் 1990-இல் 80 மெகாபைட் வன்வட்டு ஒன்றை 14 பேர் பகிர்ந்து பயன்படுத்தினர். அது நிரம்பியபோது இடம் எங்கே போகிறது என்பதை அடைவுப் பட்டியல்களைக் கொண்டு அறிவது கடினமாக இருந்தது. அவ்வாய்வகத்தைச் சேர்ந்த பென் ஷ்னைடர்மன் இதற்கு ஒரு வரைபட வழியைத் தேடினார். திரை முழுவதையும் ஒரு செவ்வகமாகக் கொண்டு, அதை அடைவுகளின் அளவுக்கேற்பப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் அதனுள் இருக்கும் கோப்புகளுக்கேற்ப மீண்டும் பிரிக்கும் முறையை அவர் வகுத்தார். இது மரப்படம் எனப்படுகிறது. பெரிய கோப்பு பெரிய கட்டமாகத் தெரியும். அது எத்தனை அடைவுகளுக்குள் ஆழ்ந்து கிடந்தாலும் கண்ணில் படும். அவருடைய மாணவர் பிரையன் ஜான்சன் இதை மெக்கின்டாஷ் கணினிக்கான நிரலாக எழுதினார். இருவரும் 1991-இல் இம்முறையைக் கட்டுரையாக வெளியிட்டனர்.

நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யார்க் வான் வைக்கும் அவருடன் பணியாற்றியோரும் இதை மேலும் வளர்த்தனர். கட்டங்களுக்கு மெத்தை போன்ற நிழலூட்டி, எது எதற்குள் உள்ளது என்பதைத் தெளிவாக்கும் முறையை 1999-இல் வெளியிட்டனர். அங்கு உருவான செக்குவாயாவியூ இம்முறையை விண்டோஸ் பயனர்களிடம் கொண்டுசேர்த்தது. லினக்ஸில் கேடர்ஸ்டாட்டும், அதைப் பார்த்து விண்டோஸில் 2003-இல் எழுந்த விண்டர்ஸ்டாட்டும் இவ்வழியில் வந்தவை. விண்டர்ஸ்டாட்டின் பட்டியலில் "அறியப்படாதது" என்று ஓர் இனம் உண்டு. வட்டு சொல்லும் மொத்தத்துக்கும் நிரல் தேடிக் கண்டதற்கும் உள்ள வேறுபாட்டையே அது காட்டுகிறது.

வழங்கிகளில் பெரும்பாலும் வரைகலைத் திரை இருப்பதில்லை; பராமரிப்பவர் தொலைவிலிருந்து எழுத்து முனையத்தின் வழியே உள்நுழைகிறார். அச்சூழலுக்காக 2007-இல் வெளிவந்தது என்சிடியூ. இது டியூ செய்யும் வேலையை ஒருமுறை செய்து முடித்து, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, அம்புக்குறி விசைகளால் அடைவுக்குள் நுழைந்து பார்க்கவும் வேண்டாதவற்றை அங்கேயே அழிக்கவும் இடம் தந்தது.

பகிரப்படும் இடம்

ஒரு கோப்பு ஓர் அளவு இடத்தைப் பிடிக்கிறது என்ற அடிப்படைக் கருத்தையே அடுத்த தலைமுறைக் கோப்பு முறைமைகள் மாற்றின. நெட்ஆப் நிறுவனம் 1990களின் முற்பகுதியில் தன் சேமிப்பக வழங்கிகளில் நொடிப்படம் என்னும் வசதியைத் தந்தது. சன் நிறுவனத்தின் இசட்எஃப்எஸ் 2005-இல் அதைப் பரவலாக்கியது. நொடிப்படம் என்பது ஒரு கணத்தில் கோப்பு முறைமை இருந்த நிலையை அப்படியே பிடித்து வைப்பதாகும். அதற்காகத் தரவு படியெடுக்கப்படுவதில்லை. பழைய தொகுதிகள் அழியாமல் காக்கப்படுகின்றன. எனவே 100 கிகாபைட் கோப்பை இன்று அழித்தாலும் நேற்றைய நொடிப்படம் அதைப் பிடித்திருக்கும் வரை ஒரு பைட்கூட விடுபடாது. இதைப் புரியவைக்க இசட்எஃப்எஸ் தன் கட்டளையில் நடப்புத் தரவு பிடித்த இடத்தையும் நொடிப்படங்கள் பிடித்த இடத்தையும் தனித்தனி நிரல்களில் காட்டுகிறது.

2013-இல் அறிமுகமான டாக்கர் மற்றோர் அடுக்கைச் சேர்த்தது. ஒரே அடிப்படை அடுக்கைப் பல கொள்கலன்கள் பகிர்ந்துகொள்வதால், ஒவ்வொன்றையும் தனியே எண்ணிக் கூட்டினால் உண்மையைவிட மிகுதியான தொகை கிடைக்கும். பயன்படாத பழைய படிமங்கள் தேங்குவதும் இயல்பு. 2017-இல் டாக்கர் தனக்கென ஓர் இடக் கணக்குக் கட்டளையைக் கொண்டுவந்தது. அதன் பெயரிலும் டிஎஃப் என்ற சொல்லே இடம்பெற்றது.

இடம் தீர்ந்தபோது நடந்தவை

நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி 2004 சனவரி 4 அன்று செவ்வாயில் இறங்கியது. சனவரி 21 அன்று அது ஒழுங்காகப் பதிலளிப்பதை நிறுத்தியது. அதன் கணினி அறுபது முறைக்கு மேல் தானாக மறுதொடக்கம் ஆகியிருந்தது. அதில் 256 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகம் இருந்தது. அதன் கொள்ளளவு தீரவில்லை. பூமியிலிருந்து பயணித்த மாதங்களிலும் இறங்கிய பின்னும் சேர்ந்த கோப்புகளின் எண்ணிக்கையே சிக்கலாயிற்று. அடைவுகளின் அமைப்பு முழுவதையும் கணினி தன் முதன்மை நினைவகத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. கோப்புகளை அழித்தாலும் அந்த அமைப்பு சுருங்கவில்லை. நினைவகம் போதாமல் கணினி மறுதொடக்கமாகும், தொடங்கியதும் மீண்டும் ஃபிளாஷைப் படிக்க முயலும், மீண்டும் விழும். மின்கலமும் வற்றிக்கொண்டிருந்தது. ஃபிளாஷைத் தொடாமல் தொடங்கும்படி பொறியாளர்கள் கட்டளை அனுப்பி அதை மீட்டனர். பிப்ரவரித் தொடக்கத்தில் ஃபிளாஷ் முழுவதும் அழித்துப் புதிதாக அமைக்கப்பட்டது. 90 செவ்வாய் நாள்களுக்குத் திட்டமிடப்பட்ட ஸ்பிரிட் 2010 வரை இயங்கியது.

2023 ஆகஸ்டு 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 வாகனத் தொழிற்சாலைகளும், அவற்றிலிருந்த 28 உற்பத்தி வரிசைகளும் நின்றன. உதிரிப்பாகங்களுக்கான ஆணைகளைக் கையாளும் வழங்கிகள் செயலிழந்ததே காரணம். இணையத் தாக்குதலோ என்ற ஐயம் எழுந்தது. செப்டம்பர் 6 அன்று அந்நிறுவனம் விளக்கம் அளித்தது. ஆகஸ்டு 27 அன்று நடந்த வழக்கமான பராமரிப்பின்போது தரவுத்தளத்தில் சேர்ந்திருந்த தரவை அழித்து ஒழுங்குபடுத்தியுள்ளனர். அந்த வேலைக்கு இடையே வட்டில் இடம் போதாமல் பிழை ஏற்பட்டு அமைப்பு நின்றது. மாற்று வழங்கியும் அதே அமைப்பில் இயங்கியதால் அதுவும் அவ்வாறே நின்றது. கூடுதல் கொள்ளளவுள்ள வழங்கிக்குத் தரவை மாற்றிய பின் உற்பத்தி தொடர்ந்தது. இடத்தை ஒழுங்குபடுத்தும் வேலைக்கும் இடம் தேவை என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

இன்றைய நடைமுறை

வட்டு நிரம்பிய எச்சரிக்கை வந்ததும் பராமரிப்போர் பொதுவாகப் பின்பற்றும் வரிசையில் இவ்வரலாற்றின் படிகளைக் காணலாம். முதலில் டிஎஃப் கட்டளையால் எந்தக் கோப்பு முறைமை நிரம்பியுள்ளது என்று பார்க்கின்றனர். ஐநோடுகள் மீதமுள்ளனவா என்பதையும் அதே கட்டளையால் அறிகின்றனர். அடுத்து டியூ அல்லது என்சிடியூ கொண்டு பெரிய அடைவுகளைத் தேடுகின்றனர். அந்தத் தேடல் ஒரே கோப்பு முறைமைக்குள் நிற்குமாறு பார்த்துக்கொள்வது வழக்கம். இரண்டு கணக்குகளும் பொருந்தாவிட்டால், அழிக்கப்பட்ட பின்னும் திறந்திருக்கும் கோப்புகளை எல்எஸ்ஓஎஃப் மூலம் தேடுகின்றனர். அதிலும் விடை கிடைக்காவிட்டால் நொடிப்படங்களையும் கொள்கலன் அடுக்குகளையும் மறைந்த அடைவுகளையும் ஆராய்கின்றனர். காரணம் தெரிந்த பிறகே எதையும் அழிப்பது நல்ல நடைமுறையாகக் கருதப்படுகிறது. காரணம் அறியாமல் அழித்துப் பெற்ற இடம், அதே நிரல் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தால், விரைவிலேயே மீண்டும் நிரம்பிவிடும்.